கொல்லைப்புறத்தில் கல் பதித்தபோது ஆசிட்டும் சீலரும் என்னிடம் வாங்கிய விலை

வாசலிலோ கொல்லையிலோ தாண்டூர் கல், கடப்பா கல், கோட்டா கல் பதிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லை எங்கே வாங்கலாம், சதுர அடி என்ன விலை என்றெல்லாம் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பதித்து முடித்த பிறகு இடுக்குகளை அடைக்கிற பாயிண்டிங்கும், கடைசியில் மேலே பூசுகிற சீலரும்தான் மொத்த வேலையையும் நிற்க வைக்கும் அல்லது கெடுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்குள் 44,500 ரூபாயும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன. பணத்தைவிட, யாரைக் கேட்பது என்றே தெரியாமல் தனியாகத் தவித்த அந்த மாதங்கள்தான் எனக்குப் பெரிய நஷ்டம்.

எங்கள் வீடு திருச்சிக்கு வெளியே இருக்கிறது. வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அம்மா என்னோடு இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். கொல்லையில் சுமார் 400 சதுர அடி வெறும் மண்ணாகக் கிடந்தது. துணி காயப்போடும் கொடி, துளசி மாடம் எல்லாம் அங்கேதான். ஒரு மழை பெய்தால் சேறாகிவிடும், அம்மா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. சாயங்காலம் அவர் அங்கே காற்றாட உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையையே எடுத்தேன். வழவழப்பான டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும் என்பதால் சொரசொரப்பான நீலத் தாண்டூர் கல்லும், ஓரத்துக்கு ஒரு வரிசை கறுப்புக் கடப்பாவும் வாங்கினேன். கல், மணல், சிமெண்ட், கூலி எல்லாம் சேர்த்து 64,000 ரூபாய். ஆகஸ்டில் வேலை ஆரம்பித்தது.

கல் பதித்த வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேஸ்திரி நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, வாட்டம் சரியாகக் கொடுத்தார். வெளியில் பதிக்கிற கல்லுக்கு 10 அடிக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் வரை வாட்டம் வேண்டும், தண்ணீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓட வேண்டும். கல்லின் மேல்மட்டம் வீட்டின் பேஸ்மெண்ட் மட்டத்திலிருந்து அரையடியாவது கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் சுவரில் ஓதம் ஏறும். இதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் அடுத்து அவர் சொன்னதையும் முழுதாக நம்பினேன்.

வீட்டுக்குள் கிரானைட் பதிப்பதுபோலக் கல்லோடு கல்லை நெருக்கி வைத்திருந்தார்கள். இடுக்கு நூலளவுதான். பாயிண்டிங் என்று அவர்கள் செய்தது, வெறும் சிமெண்டைத் தண்ணீரில் கரைத்துச் சிமெண்ட் பாலாக்கி, தரை முழுக்க ஊற்றி, துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளி விட்டதுதான். அரை நாளில் முடிந்துவிட்டது. "இதுக்குத் தண்ணி விட்டு க்யூரிங் எல்லாம் வேணாம்மா, தானா இறுகிடும்" என்றார். இப்போது தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன்: வெளித்தரையில் இது நிற்காது. மணல் சேராத வெறும் சிமெண்ட் காயும்போது அதிகமாகச் சுருங்கும். நம் ஊர் வெயிலில் கல் பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. நூலளவு இடுக்கில் இறங்கிய சிமெண்டுக்கு ஆழமும் கிடையாது, பிடிப்பும் கிடையாது. கல்லுக்கும் அதற்கும் நடுவே மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், அது வழியாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிடும்.

சிமெண்ட் பால் காய்ந்த பிறகு கல்லெல்லாம் வெள்ளைப் படலம். மறுநாள் காலையில் மேஸ்திரி, "அம்மா, ஆசிட் வாங்கிட்டு வரச் சொல்லுங்க, கழுவி விட்டா பளிச்சுனு ஆயிடும்" என்றார். பாத்ரூம் டைல்ஸுக்கு எல்லாரும் செய்வதுதானே. ஆசிட்டை ஊற்றியதும் தரை முழுக்கக் கொதித்து நுரை கிளம்பியது. அழுக்கு கழன்று வருகிறது என்றார். அந்தப் புகையில் அம்மாவுக்கு இருமல் வந்து, கதவு ஜன்னலையெல்லாம் சாத்த வேண்டியதாயிற்று. கழுவி விட்டு ஈரமாக இருந்தவரை கல் நன்றாகத்தான் தெரிந்தது. சாயங்காலம் காய்ந்ததும் கறுப்புக் கடப்பா சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருந்தது. நீலக் கல்லில் ஆசிட் ஓடிய தடமெல்லாம் வரி வரியாகத் தெரிந்தது. கையால் தடவினால் மாவுபோல ஒட்டியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவரோ, "காய்ஞ்சா அப்படித்தான் இருக்கும், மேல சீலர் அடிச்சா கலர் வந்துரும்" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்த இடத்தில் நிறுத்தி, முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆந்திராவிலிருந்து வரும் கடப்பா, தெலங்கானாவின் தாண்டூர், கர்நாடகத்தின் ஷாபாத், ராஜஸ்தானின் கோட்டா, இந்த நான்குமே சுண்ணாம்புக் கல். கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் கல்லே கரையும். அன்று நான் பார்த்த நுரை, அழுக்கு கழன்றதால் மட்டும் வந்ததல்ல. கல் கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிய நுரையும் அதில் இருந்தது. கூடவே, ஒரு நாள்கூட வயதாகாத அந்தச் சிமெண்ட் இடுக்குகளையும் ஆசிட் தின்றுவிட்டது. கரைந்த சுண்ணாம்பு கால்சியம் குளோரைடாக மாறுகிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிற உப்பு. நிறையத் தண்ணீர் விட்டுப் பலமுறை அலசாவிட்டால் கல்லுக்குள்ளேயே தங்கிக் கல்லை நமுத்துப்போக வைக்கும். உங்கள் கல் எந்த வகை என்று சந்தேகம் இருந்தால், உடைந்த துண்டு ஒன்றைச் சுரண்டி, அந்தத் தூளின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் சுண்ணாம்புக் கல். அதன் மேல் ஆசிட் மட்டுமல்ல, ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரும் படக்கூடாது. இன்னொன்று: ஆசிட் ஊற்றிய தரையில் பாசி போக வேண்டுமென்று பிளீச்சிங் பவுடரைத் தூவிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து.

செப்டம்பர் கடைசி வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது, அதற்குள் சீலர் அடித்துவிட வேண்டும் என்று எனக்குப் பதற்றம். கடையில் "வெட் லுக்" என்று போட்ட டப்பாவை எடுத்து வைத்தார்கள். அடித்தால் கல் எப்போதும் நனைந்த மாதிரி கறுப்பாகப் பளபளக்கும், தண்ணீரே இறங்காது என்றார்கள். கல் காய்ந்திருக்கிறதா, என்ன கல், எப்போது பாயிண்டிங் செய்தீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சீலரும் அடிக்கும் கூலியும் சேர்த்து 11,500 ரூபாய். அடித்த அன்று அழகாகத்தான் இருந்தது. வெளுத்துப்போன கடப்பாகூடக் கறுத்துவிட்டது. போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். இத்தனையையும் தனியாகச் சமாளித்து முடித்துவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு நிம்மதி.

அக்டோபரில் நாலு நாள் விடாமல் பெய்தது. மழை விட்டுப் பார்த்தால் தரையில் அங்கங்கே பால் கொட்டிய மாதிரி வெள்ளைத் திட்டுகள். துடைத்தாலும் போகவில்லை, ஏனென்றால் அவை படலத்துக்கு அடியில் இருந்தன. இடுக்குகளில் சிமெண்ட் சிறு சிறு சில்லாகப் பெயர்ந்து வந்தது. நவம்பரில் படலமே தோல் உரிவதுபோல உரிய ஆரம்பித்தது. எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது, ஒரு காலையில் அம்மா வாக்கரோடு இறங்கியபோது அதன் கால் வழுக்கி, அவர் சாய்ந்துவிட்டதுதான். பக்கத்தில் நான் இருந்ததால் பிடித்துவிட்டேன். சொரசொரப்புக்காகவே தேடி வாங்கிய கல்லை அந்தப் பளபளப்பு கண்ணாடியாக்கியிருந்தது. அன்றிலிருந்து கொல்லைக் கதவைப் பூட்டி வைத்தேன். யாருக்காகச் செலவு செய்தேனோ அவரே அந்தப் பக்கம் போக முடியாது என்று ஆனது. ராத்திரி தூக்கம் வராமல் அழுதிருக்கிறேன். மேஸ்திரிக்குப் போன் செய்தால், சீலர் சரியில்லை என்றார். கடையில் கேட்டால், பதித்தவர் சரியில்லை என்றார்கள்.

வழி காட்டியவர், பக்கத்துத் தெரு வீடு ஒன்றில் கல் பாலிஷ் வேலைக்கு வந்திருந்த ஒரு பெரியவர். கூப்பிட்டுக் காட்டினேன். உரிந்த படலத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்தார், அடியில் விரலை வைத்தார், ஈரம். "கீழ இருந்து வர்ற தண்ணி வெளிய போகணும்மா. நீங்க மூடி போட்டுட்டீங்க" என்றார். எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து புரிந்தது. விரிசல் விட்ட இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் கல்லுக்கு அடியில் இறங்குகிறது. ஆசிட் விட்டுப்போன உப்பு ஏற்கெனவே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வெயில் அடித்ததும் அந்த ஈரம் ஆவியாகி மேலே வருகிறது, மேலே பிளாஸ்டிக் படலம். ஈரத்துணியைப் பாலித்தீன் பைக்குள் கட்டிப் போட்ட மாதிரிதான். போக வழியில்லாத ஈரம் படலத்தை வெளுக்க வைத்து, தூக்கி, உரித்துவிடுகிறது.

சீலரில் இரண்டு சாதி உண்டு என்பதையும் அவரிடம்தான் கற்றேன், பிறகு டப்பா லேபிள்களைப் படித்து உறுதி செய்துகொண்டேன். ஒன்று, அக்ரிலிக், பாலியூரிதேன் வகை. கல்லின் மேலே படலமாக நிற்கும், பளபளக்கும், ஈரத்தில் வழுக்கும், வெளித்தரையில் உரியும். இன்னொன்று கல்லின் நுண்துளைக்குள் இறங்கும் வகை. லேபிளில் சிலேன், சிலாக்சேன் என்றோ "பெனிட்ரேட்டிங்" என்றோ போட்டிருக்கும். இது கல்லின் தோற்றத்தை அவ்வளவாக மாற்றாது, பளபளப்பும் தராது. தண்ணீரை உள்ளே இறங்கவிடாது, ஆனால் அடியிலிருந்து வரும் ஆவியை வெளியே விடும். வானம் பார்த்த தரைக்கு இரண்டாவதுதான். பளபளப்பைக் காட்டி முதல் வகையை விற்க வந்தால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் எதையும் தொட வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். பொங்கல் கழிந்துதான் வேலையை ஆரம்பித்தோம். முதலில் பழைய படலத்தை எடுத்தாக வேண்டும். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி எடுத்தார்கள். மருந்தும் கூலியும் 8,000 ரூபாய். எந்த மருந்தானாலும் மூலையில் ஒரு கல்லில் சோதித்துப் பார்த்த பிறகுதான் மற்றதில் தடவ வேண்டும். கையுறை, முகமூடி கட்டாயம், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. அடுத்து, ஆசிட் அரித்த மேல்தோலைக் கல் பாலிஷ் மிஷினால் லேசாகச் சீவினார். சதுர அடிக்கு சுமார் 28 ரூபாய் வீதம் 11,000 ஆனது. வீட்டுக்குள் செய்வதுபோலக் கண்ணாடிப் பாலிஷ் வரை போகாமல், சொரசொரப்பு மிஞ்சும்படி, மிஷினில் முதலில் மாட்டுகிற கரடான தேய்ப்புக் கற்களோடு நிறுத்தச் சொல்லுங்கள். கடப்பாவின் கறுப்பு பாதிதான் திரும்பியது. வெயிலில் கடப்பா எப்படியும் சாம்பல் நிறத்துக்குத்தான் போகும் என்று அவர் சொன்ன பிறகு, அதோடு சமாதானமாகிவிட்டேன்.

பாயிண்டிங்கைப் புதிதாகச் செய்ய 14,000 ரூபாய். நெருக்கிப் பதித்திருந்ததால் கிரைண்டரில் டயமண்ட் பிளேடு போட்டு ஒவ்வொரு இடுக்கையும் 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலத்துக்கு, முக்கால் அங்குலத்துக்குக் குறையாத ஆழத்துக்கு அறுத்துத் திறந்தார்கள். பதிக்கும்போதே இடையில் ஸ்பேசர் வைத்து அந்த இடைவெளியை விட்டிருந்தால் இந்தச் செலவே இல்லை, அதனால் இனிமேல் பதிப்பவர்கள் முதல் கல்லை வைப்பதற்கு முன்பே இதைப் பேசிக்கொள்ளுங்கள். இடுக்கிலிருந்த தூசியை முழுக்க ஊதி, பிரஷ்ஷால் தட்டி எடுத்து, லேசாக நனைத்தார்கள். தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது. கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த பி-சாண்ட், அதாவது கல்லை நொறுக்கி எடுக்கிற பூச்சு மணல். தண்ணீர் மிகக் குறைவு: கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் வழியே வழியக்கூடாது. இந்தப் பதம்தான் மொத்த வேலையின் உயிர். தண்ணீர் கூடினால் சுருங்கும், கல்லின் மேல் வழிந்து கறையும் ஆகும். இடுக்கின் இருபுறமும் பெயிண்டர்கள் ஒட்டுகிற பேப்பர் டேப்பை ஒட்டி, மெல்லிய இரும்புப் பட்டையால் இரண்டு தடவையாகக் கலவையை அழுத்தி இறக்கி, கடைசியில் சற்றே குழிவாக இழுத்துவிட்டார்கள். டேப்பை உடனே உரித்துவிட வேண்டும். மீறிக் கல்லில் பட்ட சிமெண்டை அப்போதே மரத்தூள் போட்டு, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தாயிற்று. இறுகிப்போன துளிகளைக் கார்போரண்டம் கல்லால் தேய்த்து எடுத்தோம். ஆசிட் என்ற பேச்சே எழவில்லை.

அதற்கு மேல் ஈரச்சாக்கு விரித்து ஒரு வாரம் க்யூரிங். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு, அது காய்ந்தால் அதுவே வெள்ளையாகப் பூக்கும் என்பதால் காவிரித் தண்ணீர்தான் தெளித்தேன். வீட்டுச் சுவரும் கல்லும் சேரும் நீள இடுக்கில் மட்டும் சிமெண்ட் வேண்டாம் என்றார் பெரியவர். அங்கே கட்டடம் ஒரு பக்கம், தரை ஒரு பக்கம் அசையும், சிமெண்ட் போட்டால் வெடிக்கும். நுரைக் கயிறு திணித்து, மேலே வெளிப்புறத்துக்கான சீலன்ட்டை இழுத்துவிட்டார். அந்த ஒரு இடுக்கு வழியாகத்தான் முன்பு நிறையத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

சீலருக்கு அவசரமே படவில்லை. புதுச் சிமெண்ட் முழுதாக ஈரம் விட நாலு வாரமாவது கொடுக்க வேண்டும். நடுவில் இடுக்கு ஓரங்களில் கொஞ்சம் உப்புப் பூத்தது. பயந்து கழுவாதீர்கள், தண்ணீர் விட்டால் கரைந்து உள்ளே போய்த் திரும்ப வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். சில தடவைக்குப் பிறகு தானாக நின்றுவிட்டது. கல் காய்ந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: ஓரடிச் சதுரப் பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ கல் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. நிழல் விழும் மூலையிலும் ஒட்டிப் பார்க்க வேண்டும், அங்கேதான் கடைசியாகக் காயும். எங்கள் வீட்டில் துளசி மாடத்துக்குப் பின்னால் இருந்த கற்கள் மற்றதெல்லாம் காய்ந்த பிறகும் ஈரம் காட்டின, அதற்காகவே காத்திருந்தேன்.

மார்ச்சில் ஒரு விடியற்காலை, வெயில் ஏறுவதற்கு முன்பு சீலர் அடித்தோம். சூடான கல்லில் அடித்தால் உள்ளே இறங்குவதற்குள் மேலேயே காய்ந்து பிசுக்காகிவிடும். உள்ளிறங்கும் வகை, 6,500 ரூபாய் ஆனது. இதை நான் நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை. முதலில் மிச்சக் கல் துண்டில் அடித்து, காயவிட்டு, நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு ரோலரில் மெல்லிசாக ஒரு கை, அது காயும் முன்பே இன்னொரு கை. கல் குடிக்காமல் மேலே நிற்பதைச் சில நிமிடத்தில் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இதைச் சோம்பல் படாமல் செய்ய வேண்டும், விட்டால் திட்டுத் திட்டாகப் பிசுக்குப் பிடிக்கும். முடிந்த பிறகு பார்த்தால் சீலர் அடித்த மாதிரியே தெரியவில்லை. அதுதான் சரி. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு நின்றது.

அடுத்த அக்டோபரில் மழை வந்தபோது மனசு அடித்துக்கொண்டது உண்மை. இந்தத் தடவை தண்ணீர் வாட்டத்தில் ஓடி வடிந்தது, வெயில் வந்ததும் கல் சீராகக் காய்ந்தது. இரண்டு இடத்தில் மட்டும் இடுக்கில் சிறு விரிசல் கண்டு, அதே கலவையில் அடைத்துவிட்டோம். அம்மா இப்போது வாக்கரோடு தானாகவே போய் வருகிறார். கூட்டிப் பெருக்குவது, பாசி பிடித்தால் நைலான் பிரஷ்ஷும் தண்ணீரும், மழைக்காலத்துக்கு முன்பு ஒரு தடவை தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்ப்பது, இவ்வளவுதான் பராமரிப்பு. சொட்டு உருளாமல் கல் கறுத்தால் மறுபடி ஒரு கை அடிக்க வேண்டும். அதற்காகச் சீலர் டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், மிச்சக் கற்களையும் பரணில் போட்டிருக்கிறேன். வேலை பேசும்போது, இடுக்கு எவ்வளவு அகலம், கலவை என்ன, ஆசிட் கூடாது, எத்தனை நாள் க்யூரிங் என்ற நாலையும் ஒரு தாளில் எழுதி மேஸ்திரியிடம் காட்டுங்கள். கூலியில் ஒரு பகுதியை முதல் பெருமழை கழிந்த பிறகு தருகிறேன் என்று ஆரம்பத்திலேயே பேசி வையுங்கள். பெரியவர் அதற்கு மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார்.